தக்காவியிலிருந்து இடுபொருள் மானியம் வரை: தஞ்சைப் படுகையில் வேளாண் பேரிடர் நிவாரணத்தின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

வறட்சி, வெள்ளம், புயல் ஆகியவற்றால் பயிர் அழியும்போது அரசு உழவர்க்கு வழங்கும் நிவாரணம் காலந்தோறும் வடிவம் மாறிவந்துள்ளது. வரித் தள்ளுபடி, தக்காவிக் கடன், இடுபொருள் மானியம், பயிர்க் காப்பீடு என அவ்வடிவங்கள் அமைந்தன. வடிவம் மாறியபோதும் நிவாரணத்தைப் பெறுவோர் யார் என்பதைத் தீர்மானிக்கும் அடிப்படை பெரிதும் மாறவில்லை என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். நிலவரி வசூலுக்கென உருவான பதிவேடுகளே இன்றும் இழப்பின் சான்றுகளாக நிற்கின்றன. அதனால் நிலத்தின் பெயரால் அறியப்படுபவர் நிவாரணத்திற்கு உரியவராகிறார். நிலத்தில் உழைப்பால் மட்டும் அறியப்படுபவர் அதற்கு வெளியே நிற்கிறார். தஞ்சைப் படுகையைக் களமாகக் கொண்டு, 2016–17ஆம் ஆண்டு வறட்சியையும் 2018ஆம் ஆண்டு கஜா புயலையும் சிறப்பாக நோக்கி இக்கருத்து ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: வஜா, தக்காவி, ஜமாபந்தி, அடங்கல், இடுபொருள் மானியம், குத்தகை உழவர், கஜா புயல்.

முன்னுரை

பேரிடர் நிவாரணம் பற்றிய பொது விவாதங்கள் பெரும்பாலும் தொகையைச் சுற்றியே நடைபெறுகின்றன. மாநில அரசு கேட்டது எவ்வளவு, ஒன்றிய அரசு கொடுத்தது எவ்வளவு, ஏக்கருக்கு வந்தது எவ்வளவு என்பனவே முதன்மை பெறுகின்றன. இவை வேண்டிய வினாக்களே. ஆயினும் இவற்றிற்கு முந்தைய வினா ஒன்று உண்டு. பயிர் அழிந்தது என்பதை அரசு எவ்வாறு அறிகிறது? அழிந்த பயிர் இன்னாருடையது என்பதை எந்த ஆவணத்தைக் கொண்டு முடிவுசெய்கிறது? இவ்விரு வினாக்களுக்கும் விடை தருவது நிருவாக வரலாறு. அவ்வரலாறு இருநூறு ஆண்டுகளுக்கும் மேலான தொடர்ச்சி உடையது.

தஞ்சைப் படுகை இவ்வாய்வுக்கு ஏற்ற களமாகும். ஆற்றுப்பாசனம் நிறைந்த நன்செய்ப் பகுதியான இது பஞ்ச காலங்களில் பிற மாவட்டங்களைவிடப் பாதுகாப்பான பகுதியாகக் கருதப்பட்டது. அதே வேளையில் மிராசுதார், குத்தகைதார், பண்ணையாள் என்னும் அடுக்குமுறை மிக ஆழமாக வேரூன்றிய பகுதியும் இதுவே. நிலத்தின் உரிமையாளரும் நிலத்தில் உழுபவரும் வேறு வேறானவர்களாக இருக்கும் ஓரிடத்தில் ‘உழவர்க்கு நிவாரணம்’ என்னும் தொடர் யாரைக் குறிக்கிறது என்பது இயல்பாகவே சிக்கலாகிறது.

வாரமும் கடனும்: காலனியத்துக்கு முந்தைய நிலை

இடர்க்காலத்தில் உழவருக்கு உதவும் ஏற்பாடுகள் காலனிய அரசோடு தொடங்கியவை அல்ல. கி.பி. 1054ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் தஞ்சைப் பகுதி ஆலங்குடிக் கல்வெட்டு, காலம் பொல்லாததாகிய நிலையில் ஊர்ச்சபையார் கோயில் பண்டாரத்திலிருந்து கடன் பெற்றதைத் தெரிவிக்கிறது. சோழர் வரலாற்றை எழுதிய கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி முதலானோர் எடுத்துக்காட்டிய இச்சான்றில் இரண்டு செய்திகள் கவனத்திற்குரியன. முதலாவது, உதவி கொடையாக வரவில்லை, கடனாக வந்தது. இரண்டாவது, கடனைப் பெற்றது தனிமனிதர் அல்லர், ஊர். இடர்க்கால உதவி நிலத்தோடும் கடனோடும் பிணைந்திருந்தமைக்கு இது தொன்மையான சான்றாகும்.

வரி முறையிலும் ஒரு வகைத் தன்னியக்கப் பாதுகாப்பு இருந்தது. விளைச்சலை மேல்வாரம், குடிவாரம் எனப் பங்கிடும் முறையில் விளைவு குறைந்தால் அரசின் பங்கும் தானே குறையும். மராட்டியர் காலத் தஞ்சையில் வழங்கிய அமானி முறை இத்தகைய தானியப் பங்கீட்டை அடிப்படையாகக் கொண்டது. அம்முறையில் அதிகாரிகளின் கொடுமையும் களத்துமேட்டு முறைகேடுகளும் மிகுதி. எனவே அதைப் பொற்காலமாகக் காட்ட இடமில்லை. ஆனால் பயிர் பொய்த்த ஆண்டில் ‘தள்ளுபடி’ என ஒன்றைத் தனியே விண்ணப்பிக்க வேண்டிய தேவை அதில் குறைவு. களத்தில் நெல் இல்லையெனில் பங்கிடவும் ஒன்றுமில்லை.

1799ஆம் ஆண்டு உடன்படிக்கையின் வழி தஞ்சை ஆட்சி இரண்டாம் சரபோஜியிடமிருந்து ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியது. அதன்பின் வரி மெல்ல மெல்லப் பணமாகவும் நிலையான தொகையாகவும் ஆக்கப்பட்டது. இம்மாற்றமே நிவாரண வரலாற்றின் திருப்புமுனை எனலாம். விளைச்சலோடு சேர்ந்து ஏறி இறங்கிய வரி, விளைச்சல் எதுவாயினும் செலுத்த வேண்டிய கிஸ்தியாக மாறியது. இடரின் சுமை முழுவதும் நிலத்தவர் தலையில் இறங்கியது. அச்சுமையைக் குறைக்க வேண்டுமெனில் அரசு மனம்வைத்து ஆணையிட வேண்டும். நிவாரணம் என்பது அரசின் தனிச் செயலாகப் பிறந்தது இவ்விடத்தில்தான்.

வஜா: வரியின் நிழலாக நிவாரணம்

பாராமகாலில் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாக இருந்த தாமஸ் மன்றோவும் 1792 முதல் வளர்த்தெடுத்த ரயத்துவாரி முறை, மன்றோ சென்னை மாகாண ஆளுநராக இருந்த 1820–1827 காலத்தில் மாகாணத்தின் பொது முறையாக நிலைபெற்றது. இம்முறையில் ஒவ்வொரு பசலி ஆண்டும் ஜமாபந்தி நடைபெறும். கர்ணம் எழுதிய ஊர்க்கணக்குகளை மேலதிகாரிகள் சரிபார்த்து, அவ்வாண்டுக்குரிய வரியை முடிவுசெய்வர். அம்முடிவில் கழிக்கப்படும் தொகையே வஜா எனப்பட்டது. தண்ணீரின்றியோ வெள்ளத்தில் மூழ்கியோ பயிர் சாவியாகிப் போனால் நன்செய் நிலத்துக்கு வஜா கிடைக்கும்.

நிலஅளவையும் வரித்திட்டமும் 1858இல் அமைந்த தனித் துறையின் பொறுப்பில் வந்தபின் வஜாவின் எல்லை குறுகியது. நிகர விளைவில் ஏறத்தாழப் பாதியை வரியாகக் கொள்ளும் கொள்கை நிலைபெற்றபோது, நல்ல ஆண்டும் கெட்ட ஆண்டும் கலந்த சராசரியை வைத்தே வரி விதிக்கப்படுகிறது என்ற வாதம் முன்வைக்கப்பட்டது. அவ்வாறாயின் ஒவ்வொரு கெட்ட ஆண்டிற்கும் தள்ளுபடி கேட்பது நியாயமன்று என்பது அதன் உட்பொருள். புன்செய் நிலங்களுக்கு மிகக் கொடிய பருவங்களில் மட்டுமே சலுகை என்ற நிலை இதனால் வலுப்பெற்றது.

வஜாவின் இயல்பைச் சற்று நுணுகி நோக்க வேண்டும். அது உழவரின் இழப்பை ஈடுசெய்யவில்லை. விதை, எரு, ஆள்கூலி, மாட்டுத் தீவனம் என உழவர் இட்ட முதல் எதுவும் அக்கணக்கில் வராது. வர வேண்டிய வரி வராது என அரசு ஒப்புக்கொள்வதே வஜா. எனவே அதன் அளவை நிர்ணயித்தது இழப்பின் அளவன்று, வரியின் அளவு. வரி செலுத்தாதவர்க்கு வஜாவில் இடமில்லை. ஜமாபந்திக் கணக்கு பட்டாதாரரின் பெயரோடு முடிந்துவிடும். அவருடைய நிலத்தைக் குத்தகைக்கோ வாரத்துக்கோ உழுதவரின் இழப்பு அப்பட்டாதாரருக்கும் அவருக்கும் இடைப்பட்ட செய்தியாகக் கருதப்பட்டது. பண்ணையாளின் இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

பஞ்ச விதித்தொகுப்பும் இரு வாய்க்கால்களும்

1876–78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சம் இந்நிருவாக முறையின் போதாமையை வெளிப்படுத்தியது. சென்னை மாகாணத்தின் நிலையை ஆராய 1877இல் அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள், நிவாரணப் பணியாளர்க்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் எனக் குறைத்தார். மாகாணச் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் இதனை வன்மையாக எதிர்த்தார். மனித உடல் உழைக்கத் தேவையான உணவின் அளவு பற்றிய அவ்விவாதம் நிவாரண வரலாற்றில் தனியிடம் பெறுவது. உதவியின் அளவைத் தேவை தீர்மானிப்பதா, கருவூலம் தீர்மானிப்பதா என்ற கேள்வி அங்கு வெளிப்படையாக எழுந்தது.

ரிச்சர்ட் ஸ்டிரேச்சி தலைமையிலான பஞ்ச ஆணையம் 1880இல் அறிக்கை அளித்தது. அதன் பரிந்துரைகளை ஒட்டி 1883இல் பஞ்ச விதித்தொகுப்பின் வரைவு உருவாகி, மாகாணந்தோறும் தனித்தனித் தொகுப்புகள் பின்தொடர்ந்தன. இதே காலத்தில் இரண்டு கடன் சட்டங்கள் வந்தன. 1883ஆம் ஆண்டு நில மேம்பாட்டுக் கடன் சட்டம் கிணறு, கரை, வடிகால் போன்ற நிலையான பணிகளுக்கு வழிசெய்தது. 1884ஆம் ஆண்டு வேளாண்மையர் கடன் சட்டம் இடர் தீர்க்கவும், விதையும் மாடும் வாங்கவும் கடன் அளிக்க இடந்தந்தது. மக்கள் வழக்கில் இவ்விரண்டும் தக்காவி எனப்பட்டன. வலுவூட்டல் என்னும் பொருளுடைய அரபுச் சொல்லிலிருந்து பிறந்த இச்சொல் முகலாயர் வருவாய் நிருவாகத்தின் வழியே தமிழ் வழக்கில் கலந்தது.

தக்காவி நிவாரணமாகவும் கடனாகவும் ஒருங்கே இயங்கியது. கடன் நிலுவையாயின் நிலவரி பாக்கியைப் போலவே அதை வசூலிக்கச் சட்டம் இடமளித்தது. ஊரார் பலர் கூட்டாகப் பொறுப்பேற்றுக் கடன் பெறவும் வழி இருந்தது. நிலமே முதன்மைப் பிணையாக அமைந்ததால், நிலமற்றவர் தக்காவிக்கு அணுகுவது அரிதாயிற்று. அவர்க்கென விதித்தொகுப்பு வகுத்த வழி வேறு: சோதனைப் பணிகள், நிவாரணப் பணிகள், உழைக்க இயலாதோர்க்கு இலவச உதவி.

இவ்வாறு நிவாரணம் இரண்டு வாய்க்கால்களாகப் பிரிந்தது. ஒன்று நிலம் உடையார்க்கு உரிய வாய்க்கால். அதில் தள்ளுபடியும் கடனும் ஓடின. மற்றொன்று நிலம் அற்றார்க்கு உரியது. அதில் கூலியும் கஞ்சியும் ஓடின. முன்னதில் இருப்பவர் உற்பத்தியாளராகக் கருதப்பட்டார்; பின்னதில் இருப்பவர் பட்டினியாளராகக் கருதப்பட்டார். இரண்டுக்கும் நடுவில், பிறர் நிலத்தில் தம் முதலை இட்டு உழுத குத்தகை உழவர் நின்றார். அவர்க்கு ஒரு வாய்க்காலும் முழுமையாகப் பாயவில்லை.

விடுதலைக்குப் பின்: விடப்பட்ட வரியிலிருந்து தரப்படும் பணத்திற்கு

விடுதலைக்குப் பிறகு நிலவரியின் பொருளாதார எடை குறைந்துகொண்டே வந்தது. விலைவாசி உயர்வுக்கு முன் பழைய தீர்வை பெயரளவினதாயிற்று. எனவே வரித் தள்ளுபடியும் நிவாரணம் என்ற தகுதியை இழந்து சடங்காகச் சுருங்கியது. அரசு வரியை விட்டுக்கொடுப்பதிலிருந்து பணத்தை எடுத்துக்கொடுப்பதற்கு மாற வேண்டியதாயிற்று.

அப்பணத்திற்கான ஏற்பாட்டை நிதி ஆணையங்கள் படிப்படியாக வகுத்தன. இரண்டாம் நிதி ஆணையத்தின் காலம் முதல் மாநிலங்களுக்கு இடர்ச்செலவுக்கென ஒரு குறிப்பிட்ட தொகை ஒதுக்கும் முறை இருந்தது. ஒன்பதாம் நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி 1990–91 முதல் பேரிடர் நிவாரண நிதி ஒன்று மாநிலந்தோறும் அமைக்கப்பட்டது. அதில் ஒன்றிய அரசின் பங்கு 75 விழுக்காடு, மாநிலத்தின் பங்கு 25 விழுக்காடு. 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இதற்குச் சட்ட அடித்தளம் தந்தது. அதன் 46ஆம் பிரிவு தேசிய நிதியையும், 48ஆம் பிரிவு மாநில நிதியையும், 12ஆம் பிரிவு நிவாரணத்தின் குறைந்தபட்ச அளவைகளையும் குறிப்பிடுகின்றன. பதின்மூன்றாம் நிதி ஆணையத்தின் பரிந்துரையை ஒட்டி 2010 முதல் இந்நிதிகள் இன்றைய வடிவில் இயங்குகின்றன.

இந்நிதியிலிருந்து உழவர்க்குத் தரப்படுவது ‘இடுபொருள் மானியம்’ எனப்படுகிறது. பெயரே அதன் கருத்தைச் சொல்லிவிடுகிறது. விளைபொருளின் மதிப்பை அது ஈடுசெய்வதில்லை. அடுத்த பருவத்துக்கு விதையும் உரமும் வாங்கக் கைகொடுப்பதே அதன் நோக்கம். 2015ஆம் ஆண்டு ஏப்ரலில் இதன் விதிகள் திருத்தப்பட்டன. அதுவரை 50 விழுக்காடு பயிரிழப்பு இருந்தால் மட்டுமே மானியம் என்ற நிலை, 33 விழுக்காடு எனத் தளர்த்தப்பட்டது. எக்டேருக்கு மானாவாரிப் பயிர்க்கு 4,500 ரூபாயாக இருந்தது 6,800 ரூபாயாகவும், பாசனப் பயிர்க்கு 9,000 ரூபாயாக இருந்தது 13,500 ரூபாயாகவும், பல்லாண்டுப் பயிர்க்கு 12,000 ரூபாயாக இருந்தது 18,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டன. 2022–26 காலத்துக்கான விதிகளில் இவை முறையே 8,500, 17,000, 22,500 ரூபாயாயின. ஓர் உழவர்க்கு அதிகபட்சம் இரண்டு எக்டேர் என்ற வரம்பும் உண்டு.

மானியத்திற்கு இணையாகக் காப்பீடும் வளர்ந்தது. மழை அளவை அடிப்படையாகக் கொண்ட காப்பீட்டை மைசூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த ஜே. எஸ். சக்கரவர்த்தி 1920இல் நூல்வடிவில் முன்மொழிந்திருந்தார். தனிவயலை அளப்பதற்கு மாறாக ஒரு பரப்பின் சராசரி விளைவை அளக்கலாம் என்ற கருத்தை வி. எம். தண்டேகர் 1970களில் வலியுறுத்தினார். 1985, 1999, 2016 ஆகிய ஆண்டுகளில் வந்த தேசியத் திட்டங்கள் பரப்பளவு அணுகுமுறையையே மேற்கொண்டன. 2016ஆம் ஆண்டுத் திட்டத்தில் உணவுப்பயிர்க்கும் எண்ணெய்வித்துப் பயிர்க்கும் உழவரின் பங்கு காரிஃப் பருவத்தில் காப்பீட்டுத் தொகையில் 2 விழுக்காடு, ராபி பருவத்தில் 1.5 விழுக்காடு எனவும், வணிகப் பயிர்க்கும் தோட்டப் பயிர்க்கும் 5 விழுக்காடு எனவும் வரையறுக்கப்பட்டது. பயிர் அறுவடைப் பரிசோதனைகளின் சராசரி, நிர்ணயித்த அளவுக்குக் கீழே இறங்கினால்தான் அலகு முழுவதற்கும் இழப்பீடு. அலகின் பிற வயல்கள் தப்பி, ஒருவரது வயல் மட்டும் பருவம் முழுதும் தண்ணீரின்றிக் காய்ந்தால் சராசரி அவரை மறைத்துவிடும். காலவாய்த் தலைமாட்டில் விளைந்து கடைமடையில் கருகுவது இயல்பாக உள்ள படுகைப் பகுதியில் இது சிறிய குறையன்று.

இரு இடர்கள், இரு அளவுகோல்கள்

2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. காவிரியிலும் போதிய நீர் இல்லை. குறுவையை முன்னரே இழந்திருந்த படுகை உழவர் சம்பாவையும் இழந்தனர். 2017 ஜனவரி 10 அன்று முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் அனைத்து மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தார். நிலவரித் தள்ளுபடியும் இடுபொருள் மானியமும் ஒரே அறிவிப்பில் இடம்பெற்றன. நெல்லுக்கும் பிற பாசனப் பயிர்க்கும் ஏக்கருக்கு 5,465 ரூபாய், மானாவாரிப் பயிர்க்கு 3,000 ரூபாய், நீண்டகாலப் பயிர்க்கு 7,287 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. எக்டேருக்கு 13,500 என்ற தேசிய அளவையை ஏக்கராக மாற்றினால் கிடைப்பது ஏறத்தாழ 5,465 ரூபாயே. அதாவது நெல்லுக்குரிய தொகை தஞ்சையின் சாகுபடிச் செலவைக் கணக்கிட்டு எழுந்ததன்று. இந்தியா முழுமைக்கும் பொதுவான எண்ணை ஏக்கரால் வகுத்து எழுந்தது.

மாநில அரசு ஒன்றிய அரசிடம் 39,565 கோடி ரூபாய் கேட்டது. தேசிய நிதியிலிருந்து 1,748 கோடி ரூபாய் ஒப்பளிக்கப்பட்டது. 2017 பிப்ரவரியில் ஏறத்தாழ 32.3 லட்சம் உழவர்க்கு 2,247 கோடி ரூபாய் இடுபொருள் மானியம் வழங்க ஆணையிடப்பட்டது. இவ்விரு எண்களையும் வகுத்தால் ஒருவருக்குச் சராசரியாக 6,950 ரூபாய் அளவில் வருகிறது. தொகை உழவரின் வங்கிக் கணக்கில் நேராகச் செலுத்தப்பட்டது. இடைத்தரகர் தொல்லை குறைந்தது என்ற வகையில் இது பழைய முறைகளைவிட மேம்பட்டதே. எனினும் வங்கிக் கணக்குக்குச் செல்லும் பட்டியல் கிராம நிர்வாக அலுவலரின் பதிவேட்டிலிருந்தே புறப்பட்டது.

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல் வேறொரு வகைச் சிக்கலை எழுப்பியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் தென்னை பெருமளவில் வீழ்ந்தது. 1934இல் நிறைவேறிய மேட்டூர்த் திட்டத்தோடு உருவான கல்லணைக் கால்வாயின் கடைப்பகுதிகள் இவ்வட்டாரத்தில் அடங்கும். நீர்வரத்து உறுதியற்ற இடங்களில் பலர் தென்னைக்கு மாறியிருந்தனர். நெற்பயிர் அழிந்தால் ஒரு பருவம் போகும். தென்னை விழுந்தால், மறுநடவு செய்த கன்று காய்க்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும்.

எக்டேருக்கு 18,000 ரூபாய் என்ற அளவை இவ்விழப்பின் முன் பொருளற்றதாயிற்று. எக்டேருக்கு 175 மரம் எனக் கொண்டால் அவ்வளவை மரம் ஒன்றுக்கு ஏறத்தாழ 103 ரூபாய் தருகிறது. தமிழக அரசு அவ்வளவையைத் தாண்டி மரத்துக்கு 600 ரூபாயும், விழுந்த மரத்தை வெட்டி அகற்ற 500 ரூபாயும் அறிவித்தது. 175 மரங்களுக்கு இது எக்டேருக்கு 1,92,500 ரூபாய் ஆகிறது. பத்து மடங்குக்கு மேற்பட்ட இவ்வேறுபாடு, பருவப்பயிரை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட விதி மரப்பயிரின் இழப்பை அளக்க வல்லதன்று என்பதைக் காட்டுகிறது. மரத்தை எண்ணி இழப்பைக் கணக்கிட்ட இம்முறை, பரப்பை மட்டும் அளந்த முறையிலிருந்து விலகி, இழப்பின் உண்மையான தன்மையை நோக்கி ஓரடி நகர்ந்தது எனக் கூறலாம்.

ஆனால் அந்த நகர்வும் தோப்பின் உரிமையாளரோடு நின்றது. தேங்காய் பறிப்போர், மட்டை உரிப்போர், கீற்று முடைவோர், கயிற்றுத் தொழிலாளர் ஆகியோர்க்கும் அம்மரங்களே வாழ்வாதாரம். மரம் ஒன்றுக்குத் தொகை நிர்ணயித்த கணக்கில் மரத்தைச் சார்ந்த வேலைநாட்களுக்கு ஓர் எண் இல்லை.

பதிவேட்டுக்கு வெளியே

1952ஆம் ஆண்டுத் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் 1955ஆம் ஆண்டுக் குத்தகை உழவர் பாதுகாப்புச் சட்டமும் நிலத்தில் உழைப்பவரைச் சட்டத்தின் பார்வைக்குள் கொண்டுவந்தன. 1969ஆம் ஆண்டுச் சட்டம் குத்தகை உரிமையைப் பதிவுசெய்ய வழிவகுத்தது. பதிவுபெற்றவர்கள் பயனடைந்தனர். ஆனால் பின்னாளில் உருவான வாய்மொழிக் குத்தகைகள் பெரும்பாலும் பதிவுக்கு வரவில்லை. குத்தகைதாரர் பெயர் ஏடேறினால் நிலம் கைவிட்டுப் போகும் என்ற அச்சம் உரிமையாளர்க்கு. பெயரேற்றக் கேட்டால் அடுத்த ஆண்டு குத்தகையே கிடைக்காது என்ற அச்சம் உழுபவர்க்கு. பாதுகாக்க வந்த சட்டமே பதிவைத் தயங்கச் செய்த முரண் இது. கோயில், மடம் ஆகியவற்றின் நிலங்கள் மிகுந்த தஞ்சைப் பகுதியில் உட்குத்தகை இச்சிக்கலை மேலும் அடர்த்தியாக்குகிறது.

நிலைமை இவ்வாறிருக்க, நிவாரணம் பட்டாவை நோக்கிச் செல்லும்போது மூவகையினர் விடுபடுகின்றனர். முதலாவதாக, விதைநெல்லும் உரமும் கூலியும் தம் கைப்பொருளாலோ கடனாலோ இட்ட வாய்மொழிக் குத்தகை உழவர். ‘இடுபொருள்’ மானியம் இடுபொருளை இட்டவர்க்குச் செல்லாமல் போவது சொல்லளவிலேயே முரணாகும். இரண்டாவதாக, தந்தை அல்லது கணவர் பெயரில் உள்ள நிலத்தை உழுது பேணும் பெண்கள். பட்டா மாறுதல் நிகழாத குடும்பங்களில் இறந்தவர் பெயரில் உள்ள நிலத்துக்கு உயிரோடிருப்பவர் சான்று தேடி அலைகின்றனர். மூன்றாவதாக, பயிர் அழிந்ததால் நடவு, களை, அறுவடை ஆகிய வேலைநாட்களை இழந்த கூலித்தொழிலாளர். இவர்க்கு 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டம் ஓரளவு துணைநின்றது. வறட்சி அறிவிக்கப்பட்ட பகுதிகளில் 100 நாட்களுக்கு மேல் கூடுதலாக 50 நாட்கள் வேலை தர வழியும் செய்யப்பட்டது. பஞ்ச விதித்தொகுப்பின் நிவாரணப் பணியை உரிமையாக உயர்த்தியது அச்சட்டத்தின் சிறப்பு. ஆயினும் நிலமுடையார்க்கு ஒன்று, நிலமற்றார்க்கு வேறொன்று என்ற பழைய இருவாய்க்கால் அமைப்பு அப்படியே நீடித்தது.

இதற்கு மறுவாதம் ஒன்று உண்டு. இடர்க்காலத்தில் விரைவு வேண்டும். விரைவுக்கு உறுதியான பதிவேடு வேண்டும். வாய்ச்சொல்லை நம்பிப் பணம் கொடுத்தால் போலிப் பயனாளிகள் பெருகுவர் என்பது அது. இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. பல லட்சம் பேருக்குச் சில வாரங்களில் தொகை சேர்ந்தது பதிவேடு இருந்ததனால்தான். ஆனால் வினா பதிவேடு வேண்டுமா வேண்டாவா என்பதன்று. எந்தப் பதிவேடு என்பதே.

பட்டாவும் சிட்டாவும் நிலம் யாருடையது என்று சொல்கின்றன. அடங்கலோ புல எண் வாரியாக எந்தப் பருவத்தில் என்ன பயிர் நிற்கிறது என்பதைச் சொல்லும் ஆவணம். பயிரை நேரில் கண்டு எழுத வேண்டியது அதன் இலக்கணம். கர்ணம் பதவி 1980இல் ஒழிக்கப்பட்டு, பரம்பரை சாராத கிராம நிர்வாக அலுவலர் முறை வந்தபோதும் அடங்கல் கைவிடப்படவில்லை. பருவந்தோறும் களத்தைப் பார்த்துப் பயிரோடு உழுபவரின் பெயரையும் அதில் ஏற்றினால், நில உரிமையைத் தொடாமலேயே சாகுபடியாளரை அடையாளம் காண முடியும். ஆந்திரப் பிரதேசம் 2011இல் உரிமம் பெற்ற சாகுபடியாளர் சட்டத்தையும், அதற்கு மாற்றாக 2019இல் பயிர்ச் சாகுபடியாளர் உரிமைச் சட்டத்தையும் இயற்றியது இந்நோக்கத்தில்தான். பின்னதில் பதினொரு மாத காலத்துக்கு அட்டை வழங்கப்படுகிறது. அது நில உரிமையைப் பாதிப்பதில்லை எனச் சட்டமே உறுதியளிக்கிறது. உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும் என்ற விதி அதன் வீச்சைக் குறைத்தாலும், உரிமையையும் சாகுபடியையும் தனித்தனியே பதிவுசெய்ய முடியும் என்பதற்கு அது முன்மாதிரி.

முடிவுரை

தஞ்சைப் படுகையின் வேளாண் நிவாரண வரலாறு நான்கு வடிவங்களைக் கடந்து வந்துள்ளது. விளைச்சலோடு வரி இறங்கிய வார முறை மறைந்தபின், வரியை விட்டுக்கொடுத்த வஜா வந்தது. நிலத்தைப் பிணையாகக் கொண்ட தக்காவி வந்தது. எக்டேரை அலகாகக் கொண்ட மானியம் வந்தது. பரப்பின் சராசரியை அலகாகக் கொண்ட காப்பீடு வந்தது. இவ்வரிசையில் அரசின் பொறுப்பு விரிந்துள்ளது என்பது உண்மை. வரியைக் குறைத்தாலே பெருங்கருணை எனக் கருதிய நிலையிலிருந்து, இழப்புக்குப் பணம் கொடுப்பது கடமை என்ற நிலைக்கு அரசு வந்துள்ளது. 1876இல் கஞ்சித்தொட்டியை நாடியவரின் வழித்தோன்றல்கள் இன்று சட்டத்தின் பெயரால் வேலை கேட்க முடிகிறது.

அதே வேளையில் பொறுப்பு விரிந்த அளவுக்குப் பார்வை விரியவில்லை. வரி கொடுப்பவரைக் கண்டறிய வகுத்த ஏடுகள், வரி பொருளற்றுப்போன காலத்திலும் உதவி பெறுபவரைக் கண்டறியும் ஏடுகளாகத் தொடர்கின்றன. 2019இல் தொடங்கிய ஆண்டுக்கு 6,000 ரூபாய் உழவர் உதவித் திட்டமும் நில உடைமையையே தகுதியாகக் கொண்டமை இத்தொடர்ச்சியின் அண்மைச் சான்று. ஏக்கருக்கு எவ்வளவு என்ற வினாவுக்கு விடை ஒவ்வோர் இடரின்போதும் சிறிது சிறிதாக உயர்ந்துவருகிறது. ஏரைப் பிடித்தவர் யார் என்ற வினாவுக்கு அடங்கலின் ஒரு பத்தி விடைதர முடியும். அப்பத்தி முறையாக நிரப்பப்படும் வரை, அடுத்த வறட்சியிலும் அடுத்த புயலிலும் நிவாரணம் நிலத்தைச் சென்றடையும். உழுதவரைச் சென்றடைவது தற்செயலாகவே இருக்கும்.